பிறை தென்படுவதைப் பொறுத்து

இன்று காலை கல்லூரிக்கு வந்த புதுத் தினசரி காலண்டரைப் பிரித்தேன். அச்சு மை வாசம் அடித்ததும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது. நீ செத்து ஒரு வருஷமாகிவிட்டது.

விருதுநகருக்கு வெளியே இருக்கும் இதே கல்லூரியில்தான் நாம் இருவரும் கணினி வாத்தியார்களாக இருந்தோம். "எவனோ எழுதுன புரோகிராமை எம்புட்டு நாளைக்குலே நடத்துறது? நாம எழுதுவோம்" என்று என்னை ராஜினாமா செய்ய வைத்தவன் நீ. சிவகாசியில் ஒரு அச்சகத்து மாடியில் கம்பெனி தொடங்கினோம். நாள், நட்சத்திரம், ராகுகாலம், பண்டிகை எல்லாவற்றையும் வருஷம் முழுக்கத் தாள் தாளாக அடுக்கித் தரும் காலண்டர் புரோகிராம். ஆடிப் பதினெட்டில் அச்சகங்கள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த புது ஆல்பத்துக்குப் பூஜை போடுமுன் அதை முடித்தாக வேண்டும். எங்கள் மிளகாய் மண்டியைப் பார்க்க நான் வரவில்லை என்று அத்தா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது எனக்கு உறைக்கவேயில்லை.

நாம் சண்டை போட்டது ஒரே ஒரு வரிக்கு. ரம்ஜான் தாளில் 'பிறை தென்படுவதைப் பொறுத்து' என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தேன். கடை விளம்பரத்துக்கு இடம் போகிறது, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டபின் என்ன சந்தேகம் என்றாய். எங்கள் பெருநாளைப் பிறை பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றேன். முறைத்துக்கொண்டே விட்டுவிட்டாய்.

பூஜையன்று உன்னைக் காணோம். அச்சக முதலாளிதான் கேட்டார்: "ஒங்க கூட்டாளி பெங்களூருல கன்சல்டன்சி வேலைக்குப் போயிட்டாகளாம். புரோகிராமையும் அந்தக் கம்பெனிக்கே குடுத்துட்டாகளாமே. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

தெரிந்ததுபோல் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

மறுபடி இந்தக் கல்லூரிக்கே வந்தேன், எனக்கு ஜூனியராக இருந்தவர்களுக்குக் கீழே. பிறகு ஒரு விழாவுக்கு நீ டை கட்டிக்கொண்டு பேச வந்தாய். நம் காலண்டர் தாளைத் திரையில் காட்டி, "இது நான் செஞ்சது" என்றாய். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கையில், "நல்லா இருக்கீகளா சார்?" என்று கேட்டாய். நல்லா இருக்கேன் என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

மாரடைப்பு என்றார்கள். வெம்பக்கோட்டையில் உன் வீட்டுக்கு வந்து முகம் பார்த்தேன். அழுகை வரவில்லை.

இன்று ரம்ஜான் தாளைத் தேடிப் புரட்டினேன். இன்னமும் அந்தப் புரோகிராமில்தான் அடிக்கிறார்கள். என் பெயர் எங்கும் இல்லை. அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது. நினைத்திருந்தால் எப்போதோ எடுத்திருப்பாய். எனக்காக விட்டுவைத்தாயா, எடுக்க மறந்தாயா? அன்றும் சொல்லாமல் போனாய், இப்போதும் சொல்லாமல் போய்விட்டாய்.

மறந்துட்டேன்லே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன்னை முழுசாக வெறுத்தாவது தொலைத்திருப்பேன்.