நரிப் பாதத்தில் என்ன கறி?

ஜனவரி 6
பூனை படுத்திருந்த ஸ்வெட்டரை உதறிப் போட்டுக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தில் அப்படிக் குளிர். மேசையில், அகழாய்வில் திறந்த பழங்காலக் குழந்தைப் புதைகுழி ஒன்றில் கிடைத்த நரி எலும்புகள். அத்தனையும் விரல் எலும்புகள். தலை இல்லை, விலா இல்லை.

"நாய் ஏதாவது இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்" என்கிறார் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர். பாதத்தோடு உரித்த தோல் என்பது என் கட்சி. குழந்தையை அதில் போர்த்திப் புதைத்திருக்கிறார்கள். தோலும் ரோமமும் மட்கிப்போய் விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

"ஒரு முடியாவது காட்டும்மா. இல்லன்னா அறிக்கையில 'தொடர்பில்லாத எலும்புகள்'தான்."

தொடர்பில்லாதவையாம்!

ஜனவரி 9
கிடைத்துவிட்டது! குழியில் இருந்த செம்பு ஊசியின் பச்சைக் களிம்பில் ஒரு முடி! அந்தக் களிம்பு ஒட்டியதை மட்கவிடாது. தலைவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார். வீட்டுக்காரர்தான், "ஒரு முடிக்கா இந்த ஆட்டம்?" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

ஜனவரி 13
மானம் கப்பலேறிவிட்டது.

நுண்ணோக்கியில் முடி பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "இது நரி இல்ல, பூனை. வேர்கூடப் புதுசா இருக்கு. உங்க வீட்ல பூனை இருக்கா?"

இருக்கிறது. என் ஸ்வெட்டரில்தான் குடித்தனம்.

தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அறிக்கை அச்சுக்குப் போகுது. நரியை விட்டுடும்மா."

விடணுமா? ஏன் விடணும்? அந்தப் புள்ளைக்குப் போர்த்திவிட்டவங்க யாரோ இருந்தாங்கல்ல?

ஜனவரி 14
ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டே வேலை.

ஜனவரி 15
முடி முடி என்று அலைந்தவள், கையிலிருந்த எலும்பை ஒழுங்காகத் துடைத்துப் பார்க்கவில்லை! இன்று மண்ணைப் பிரஷ்ஷால் நீக்கி, விளக்கைச் சாய்த்து லென்ஸில் பார்த்தால் — விரல்களின் குறுக்கே மெல்லிய கீறல்கள். கத்தி பட்ட தடம்.

தலைவர், "சாப்பிட அறுத்திருப்பாங்க" என்று இழுத்தார்.

"நரிப் பாதத்துல என்ன சார் கறி இருக்கு?"

லென்ஸை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. பிறகு குழியின் வரைபடத்தை விரித்து, எந்த விரல் எங்கே கிடந்தது என்று இருவருமாகக் குறித்தோம். பின்பாதங்கள் குழந்தையின் காலடியில். முன்பாதங்கள் இரண்டும் கழுத்துக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்று. அங்கேயேதான் அந்த ஊசியும்.

"நல்லா இழுத்துப் போர்த்தி, நழுவாம ஊசி குத்தியிருக்காங்கம்மா" என்றார். குரல் கம்மியிருந்தது.

ஜனவரி 17
அறிக்கை அச்சுக்குப் போனது. தலைவரே எழுதிய வரி: 'குழந்தை நரித்தோலில் போர்த்தப்பட்டு, கழுத்தருகே ஊசி குத்தப்பட்டிருக்கிறது.' நன்றி சொல்லும் பக்கத்தில் கடைசியாக எங்கள் வீட்டுப் பூனை. குறும்புக்கார மனிதர்.

வீட்டுக்கு வந்தால், துவைத்து மடித்து வைத்த ஸ்வெட்டர்மேல் அது தூங்கிக்கொண்டிருந்தது. திட்ட வாய் வரவில்லை. ஸ்வெட்டரின் கையை இழுத்து அதற்குப் போர்த்திவிட்டேன். குளிருமே.