செதா பாலத்து முழுநிலா

எடோ,
எட்டாம் மாதம் 28

அன்புள்ள கணவருக்கு,

இங்கே நலம். உங்கள் இருமல் நின்றதா? நீங்கள் அனுப்பிய நிலாப் படத்தைப் பதிப்பாளர் கிஹெய்யிடம் கொடுத்தேன். ஓரத்தில் 'பௌர்ணமியன்று செதா பாலத்தில், எழும் நிலாவை நேரில் பார்த்து வரைந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அன்னிக்குக் கிரகணம்மா! நிலா கறை புடிச்சேதான் எழுந்துச்சு. உங்க வீட்டுக்காரர் பாலத்துல இருந்தாரா, வேற எங்கயாச்சும் இருந்தாரா?"

எங்கே இருந்தீர்கள்?

ஒகினு

செதா,
ஒன்பதாம் மாதம் 9

என் ஒகினு,

கிஹெய்க்கு எப்போதும் வாய்த்துடுக்கு. கறை பிடித்த நிலாவை யார் வாங்குவார்கள்? அதனால்தான் முழுதாக வரைந்தேன். நிலாவின் குறுக்கே காட்டு வாத்துகள் பறக்கின்றனவே, பார்த்தாயா? தூரத்துக் கடிதத்துக்கு அவைதானே குறி. உன்னை நினைத்தே வரைந்தேன். இங்குள்ள காட்சிகளை வரையும் வேலை இன்னும் முடியவில்லை. குளிர்காலமும் இங்கேதான்.

ஷுன்பெய்

எடோ,
ஒன்பதாம் மாதம் 22

கணவருக்கு,

வாத்துகள் அழகாகத்தான் பறக்கின்றன. சுமந்து வருவது மெய்யா என்பதுதான் கேள்வி. செதாவின் ஏரிக்கரைக் கோயிலுக்குப் போய்வந்த டோஃபு கடை ஒதாகி நேற்று சொன்னாள்: "பொழுது சாஞ்சா உன் வீட்டுக்காரர் சத்திரத்துல வேலை செய்யற ஒருத்தி கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் பாலத்துல நடக்கறாரு. புருஷன் செத்தவளாம். நான் கூப்பிட்டேன், முகத்துக்கு நேரா பார்த்துட்டு, தெரியாத மாதிரி போயிட்டாருடி!"

இந்த ஏழு வருஷத்தில் தெருவில் என் கையை ஒருநாள் பிடித்ததுண்டா? இனியும் வாத்துக் கதை எழுதினால் கடிதத்தை அடுப்பில் போடுவேன்.

ஒகினு

செதா,
பத்தாம் மாதம் 6

ஒகினு,

ஒதாகி கண்டது உண்மை. வசந்தத்திலிருந்து எனக்கு மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரமானால் எல்லாம் மறைந்துவிடுகிறது. விலாங்கு ஈரல் தின்னச் சொல்கிறார் வைத்தியர். சத்திரத்துக் குமே என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவாள். "ஐயா, இப்போ நிலா தண்ணியில நெளியுது. நாணல் மேலெல்லாம் வெள்ளையா வழியுது" என்பாள். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு மறுநாள் பகலில் வரைவேன். பௌர்ணமியன்று சத்திரத்தில் கூட்டம். என்னைப் பாலத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நிலா எழுந்தபோது சனங்கள் கூச்சலிட்டார்கள். அழகைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

நிலா வரைகிறவனுக்கு நிலா தெரியவில்லை என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஷுன்பெய்

எடோ,
பத்தாம் மாதம் 18

கணவருக்கு,

கிஹெய்யிடம் எதுவும் சொல்லவில்லை. கவலை வேண்டாம்.

நம்புகிறேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. வசந்தத்தில் நீங்கள் மாடிப்படியில் தடுமாறியபோது, சாக்கே குடித்துவிட்டு வந்தீர்கள் என்று திட்டினேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குமேயிடம் சொல்லத் தெரிந்தது, என்னிடம் தெரியவில்லை.

சோதனைச்சாவடியைக் கடக்க அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன். எந்த நாள் வந்து சேர்வேன் என்று எழுத மாட்டேன். ஒரு மாலை பாலத்தில் ஒரு கை உங்கள் கையைப் பிடிக்கும். நான் வாய் திறக்க மாட்டேன். நீங்கள் யார் பெயரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஒகினு