மலையுச்சியில் ஒரு கொடியேற்றம்

சுவிஸ்
18.07.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்று நானும் கொடியேற்றினேன், அம்மா! மலையில் இறந்தவர்களின் நினைவாக இந்த ஊர்த் தொண்டர்கள் ஆண்டுதோறும் உச்சியில் அவர்களின் பெயர்களை வாசித்துக் கொடியேற்றுவார்கள். இம்முறை நானும் சேர்ந்துகொண்டேன். பாதியில் கயிறு கப்பியில் சிக்கிவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து நிற்க, எங்கள் வள்ளத்துப் பாய்மரத்தில் ஏறுவதுபோல் கம்பத்தில் ஏறிச் சிக்கை எடுத்துவிட்டேன். கொடி விரிந்ததும் கோயில் பழக்கத்தில், "மரியாயே வாழ்க!" என்று கத்திவிட்டேன். இங்கே அந்த நேரம் மௌனமாக நிற்பார்களாம்! ஆனால் மகனை மலையில் இழந்த ஒரு தாய்தான் முதலில் கைதட்டினார். பிறகு மலையே அதிர்ந்தது.

இறங்கும்போது, அடுத்த ஆண்டு வாசிக்க எங்கள் வீட்டிலும் இறந்தவர் பெயர் உண்டா என்று கேட்டார்கள். வெடிச்சத்தம் கேட்ட அன்று கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத லோறன்ஸ் அண்ணையை நினைத்தேன். இல்லை என்றேன்.

இங்குள்ள மீனில் கடல் வாசமே இல்லை. யாரும் வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கோ.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அண்ணை வந்தால், நான் கம்பத்தில் ஏறிய கதையைச் சொல்லிப்போடாதேங்கோ. அதை நான்தான் சொல்லவேண்டும்.

உங்கள் மகன்
அருட்பிரகாசம்