தோளில் தெரிந்த வார்

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் இருபத்தாறு நாளாகிறது. வருகிற சனிக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. அதற்காக அடிக்கிற நினைவு மலரில் எனக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு உங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வராது. உங்களோடு கதைக்கத்தான் வரும். நான் கொப்பியில் எழுதுகிறேன், மகள் ஜெனி கணினியில் அடிக்கிறாள். ஒன்றையும் அழகுபடுத்த வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உங்கள் மரண அறிவித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல படமென்று என்னிடம் இருந்தது ஒன்றுதான். மடியில் அக்கோர்டியன் என்ற வாத்தியப் பெட்டியை வைத்துக்கொண்டு நீங்கள் சிரிக்கிற படம். அதை மருமகனிடம் கொடுத்து, "பெட்டியை வெட்டிப்போட்டு முகத்தை மட்டும் எடுங்கோ தம்பி" என்றேன். அவரும் வெட்டினார். இணையத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன், உங்கள் இரண்டு தோளிலும் அந்தப் பெட்டியின் கறுப்பு வார் அப்படியே இருக்கிறது.

லண்டனிலிருந்து மச்சாள் எடுத்தா. அழுது முடித்துவிட்டு, "அண்ணை மலை ஏறப் போறவரோ? முதுகிலை பாக் கொழுவினமாதிரிக் கிடக்கு" என்று கேட்டா. "ஓம் மச்சாள், நடக்கப் போறவர்" என்றேன். படத்துக்குக் கீழே உணவக முகாமையாளர் என்று போடச் சொன்னதும் நான்தான். ஒருநாளும் ஏறாத மலையில் உங்களை ஏற்றிவிட்டு, ஒருநாளும் பார்க்காத உத்தியோகத்தில் இருத்தி வைத்தேன்.

ஏன் பிள்ளை அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உயிரோடு இருந்தபோதும் கேட்டதில்லை. அதுதான் என்னைக் கூடச் சுடுகிறது.

தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்த கை உங்களுடையது. அகதியாக ஜேர்மனிக்கு வந்து, ஒரே அறையில் ஆறு பேரோடு கிடந்து, கடைசியில் வூப்பர்டாலில் உங்களுக்குக் கிடைத்த வேலை, டெக்லன் என்ற அயர்லாந்துக்காரரின் பப்பில் கோப்பை கழுவுவது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஒரு மேசையைச் சுற்றி இருந்து அவர்கள் தங்கள் ஊர் மெட்டுகளை வாசிப்பார்கள். மேடை இல்லை, பார்த்து வாசிக்கத் தாளும் இல்லை. ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நீங்கள் குசினியில் நின்று, கோப்பை நீட்டுகிற சின்ன யன்னலால் கேட்டீர்கள்.

"தண்ணியைப் பூட்டிப்போட்டு நிண்டு கேப்பன். பைப்பிலை தண்ணி வரேல்லை எண்டு நினைச்சு டெக்லன் ரெண்டு தரம் ஆள் கூப்பிட்டவன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

பிறகு எங்கேயோ ஒரு பழைய அக்கோர்டியன் வாங்கினீர்கள். கட்டைகளுக்குப் பதிலாக இரண்டு வரிசைப் பொத்தான். அதில் ஒரே பொத்தானை அமத்தி உள்ளே தள்ளினால் ஒரு சுரம், வெளியே இழுத்தால் வேறு சுரம். ஆர்மோனியம் பழகிய கைக்கு அது பெரிய வில்லங்கம். "அண்ணை, ஒண்டில் அந்தப் பெட்டியை விடுங்கோ, இல்லாட்டி எங்களை விடுங்கோ" என்று அறைப் பெடியள் கும்பிட்டார்களாம். நீங்கள் இரண்டையும் விடவில்லை.

அங்கே அக்கோர்டியன் வாசித்தவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். அவருடைய கதிரை பல கிழமை வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஞாயிறு டெக்லன் குசினிக்குள் வந்து உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனார். கழுத்தில் தொங்கிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வாசித்தீர்கள். அன்றைக்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் அந்தக் கதிரை உங்களுடையது. யோசேப்பு என்ற பெயரை அவர்கள் ஜோ என்று சுருக்கினார்கள்.

கோப்பை கழுவுவது மெல்ல நின்றது. அவர்களுடைய நாட்டு நடனத்துக்கு, கால் தப்பாமல் அடி எடுத்துக் கொடுக்க நீங்கள்தான் வேண்டும் என்று கேட்டார்கள். கேல்ன், பிறேமன் என்று ஊர் ஊராக, மண்டபம் மண்டபமாகப் போனீர்கள். இந்த ஊரில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடுகிற ரெயிலில் பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு போவீர்கள். கோடையில் அயர்லாந்துக்கே போய், அவர்களுடைய கிராமங்களில் இருந்து வாசித்துவிட்டு வந்தீர்கள்.

அங்கே ஒரு வயதான மனுசி உங்கள் வாசிப்பைக் கண் மூடிக் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கத்து ஆள் நீ?" என்று கேட்டாவாம். "மன்னார்" என்றீர்களாம். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்கடை வடக்குப் பக்கமாக்கும்" என்றாவாம். "ஓம் அம்மா, வடக்குத்தான்." இந்தக் கதையை நீங்கள் என் வீட்டில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

எனக்கு அது எல்லாம் ஒரே சொல்தான், பப். அப்பா குடித்துக் குடித்து எங்கள் கண் முன்னாலேயே அழிந்தவர். குடிகாரன் பிள்ளைகள் என்று ஊர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நீங்கள் ஒரு துளி தொட்டதில்லை, அத்தனை பியர்க் கிளாசுக்கும் நடுவில் உங்களுக்குத் தேத்தண்ணிக் கோப்பைதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நீங்கள் அந்தப் பக்கம் நடந்தால், ஆர் பார்க்கிறார்கள் என்றுதான் என் கண் தேடும்.

ஜெனியைப் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா கேட்டா, "மாமா என்ன செய்யிறார்?" நீங்கள் வாய் திறக்க முதல் நான் சொன்னேன், "ரெஸ்ரோரன்ட் ஒண்டிலை மனேஜர்." நீங்கள் என்னை ஒருதரம் பார்த்தீர்கள். பிறகு "ஓம், சனி ஞாயிறிலைதான் கூட வேலை" என்று தலையை ஆட்டினீர்கள். அவர்கள் போன பிறகு குசினிக்குள் வந்து, "எடியே, அந்த ரெஸ்ரோரன்ட் எங்கை எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லு. போய் ஒரு வடை சாப்பிட்டிட்டு வாறன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பா அண்ணை?

கல்யாணத்தன்று பெட்டியோடு வந்தீர்கள். "ஜெனி உள்ளுக்கு வரேக்கை ரெண்டே ரெண்டு நிமிசம் பிள்ளை." நான் விடவில்லை. "காரிலை வையுங்கோ அண்ணை, வந்திருக்கிறது ஆர் ஆர் எண்டு தெரியுந்தானே." நீங்கள் போய்ப் பின் சீற்றில் வைத்து, குளிர் பிடிக்காமல் உங்கள் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, சேட்டோடு வந்து எல்லோருக்கும் சோறு பரிமாறினீர்கள்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் இசைத்தட்டைக் கொண்டுவந்து தந்தீர்கள். "நேரம் கிடைச்சால் கேள்." மேசை விரிப்புகளுக்குக் கீழே அலுமாரி லாச்சியில் வைத்தேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

பிறகு நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் இல்லை.

அடுத்த நாள் டெக்லன் எடுத்தார். குழியடியில் நின்று வாசிக்க விடுவீர்களா, தங்கள் ஆட்களை அப்படித்தான் வழியனுப்புவது என்று ஜெனியிடம் டொச் மொழியில் கேட்டார். "வேண்டாம் எண்டு சொல்லு. எங்கடை முறையில்லை எண்டு சொல்லு" என்றேன். ஜெனி என்னை முறைத்தாள், ஆனால் சொன்னாள்.

எங்கள் முறையில்லையாம்! எங்கள் ஊரில் பாண்ட் வாத்தியம் இல்லாமல் ஒரு பிரேதம் சேமக்காலைக்குப் போயிருக்கிறதா? குடிகாரன் என்று ஏசிய அப்பாவுக்கே முன்னால் பாண்ட் அடித்துக்கொண்டுதானே போனார்கள்? நீங்கள்தானே அலைந்து திரிந்து அந்த பாண்டைப் பிடித்து வந்தீர்கள்? அப்பாவுக்குக் கிடைத்ததை வாழ்நாள் முழுக்க வாசித்த உங்களுக்கு நான் மறுத்தேன்.

அவர்கள் வந்தார்கள் அண்ணை. மழைக்குள் எட்டுப் பேர். ஒவ்வொருவர் காலடியிலும் வாத்தியப் பெட்டி, ஒன்றையும் திறக்கவில்லை. எங்கள் முறைக்கு மரியாதை கொடுத்துப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். உங்களைக் குழிக்குள் இறக்கும்போது டெக்லனின் விரல் அவருடைய காற்சட்டையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா என் காதுக்குள், "ஆர் இந்த வெள்ளையள்?" என்றா. "வேலை செய்த இடத்து ஆக்கள்" என்றேன். மண் போட வந்தபோது டெக்லன் என் கையைப் பிடித்து ஒரு சொல் சொன்னார், தமிழில்: "தங்கச்சி." நீங்கள் போனில் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மேசை விரிப்பு எடுக்க லாச்சியைத் திறந்தேன். ஜெனிதான் பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பின்பக்கத்தை வாசித்தாள். அவர்களுடைய வழக்கத்தில் ஒருவர் புது மெட்டுக் கட்டினால், பிரியமான ஆளின் பெயரை அதற்கு வைப்பார்களாம். "அம்மா, ஏழாவது மெட்டு மாமா கட்டினது. பேர் என்ன தெரியுமா?" எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, குழியடியில் டெக்லன் சொன்ன அந்தத் தமிழ்ச் சொல்தான். "போடட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போன ஞாயிறு ஜெனியோடு அந்தப் பப்புக்குப் போனேன். நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்தில் முதல் தரம். வாசலில் நின்று, ஆராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்தேன். பார்த்தீர்களா அண்ணை, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் அக்கோர்டியன் யன்னலோரக் கதிரையில் இருந்தது. பக்கத்தில் உங்கள் தேத்தண்ணிக் கோப்பை. அந்தக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லையாம். டெக்லன் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் ஜெனியிடம், "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, ஒரு சொல்லும் குறைக்காதை" என்றேன். எங்கள் ஊரில் பாண்ட் உண்டு என்று சொன்னேன். முறையில்லை என்றது பொய் என்றேன். ஆட்கள் குடிக்கிற இடத்தில் நீங்கள் வாசிப்பதற்கு வெட்கப்பட்டேன், அதனால்தான் மறித்தேன் என்றேன்.

"ஜோவுக்குத் தெரியும்" என்றார் டெக்லன். "நீ ஒருநாளைக்கு இந்தக் கதவாலை வருவாய் எண்டு சொல்லுவான். அதுக்காகத்தான் வாசலைப் பாத்தபடி அந்தக் கதிரையைப் போட்டவன்."

கோபித்திருக்கலாம் அண்ணை. ஒரு தரமாவது ஏசியிருக்கலாம்.

அவர்கள் வாத்தியத்தை எடுத்தார்கள், எனக்கு அந்த ஏழாவது மெட்டை வாசிக்க. நான் மறித்தேன். இந்த முறை வேறு காரணத்துக்கு. ஒருவருக்கும் தெரியாத இடத்தில் இருந்து அதைக் கேட்டால், அதுவும் லாச்சிக்குள் வைத்தமாதிரித்தானே? "சனிக்கிழமை எங்கடை மண்டபத்துக்கு வாங்கோ. எல்லாச் சனத்துக்கும் முன்னாலை வாசியுங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மாவுக்கு எடுத்தேன். "சம்பந்தி, அண்ணை மனேஜர் இல்லை. பப்பிலை கோப்பை கழுவினவர். பிறகு அங்கையே அக்கோர்டியன் வாசிச்சவர். நான் பொய் சொன்னனான்."

அவ சொன்னா, "எங்களுக்குத் தெரியும் சம்பந்தி. கலியாணத்துக்கு முதலே பிள்ளையள் அண்ணை வாசிக்கிற வீடியோ காட்டினதுகள். எங்கடை இவர் இருந்து நாலு தரம் பாத்தவர். நீங்கள் மறைக்கிறியள், என்னவோ காரணமாக்கும் எண்டு நாங்களும் கேக்கேல்லை. கலியாணத்திலை வாசிப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

அண்ணை, அன்றைக்கு மண்டபம் முழுக்க உங்களைக் கேட்கக் காத்திருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் காரின் கதவைப் பூட்டினவள். ஊருக்காக வெட்கப்பட்டேன் என்று இவ்வளவு காலமும் என்னையே ஏமாற்றியிருக்கிறேன்.

இந்த மலரின் முன்பக்கத்தில் உங்கள் முழுப் படமும் வருகிறது. வெட்டாத படம். மச்சாளுக்கும் சொல்லிவிட்டேன், அது பாக் இல்லை என்று. பெயருக்குக் கீழே ஜெனி அடித்திருப்பது: அயர்லாந்து நாட்டுமெட்டு அக்கோர்டியன் வாசிப்பாளர். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முதல் நான் எழும்பி நின்று, நீங்கள் ஆர், என்ன செய்தீர்கள் என்று என் வாயாலேயே சொல்லுவேன். எட்டுப் பேரும் வட்டமாக இருப்பார்கள். உங்கள் கதிரையை டெக்லன் கொண்டுவருகிறார், வாசலைப் பார்த்தபடி போடுவோம். அதில் உங்கள் பெட்டி இருக்கும். ஏழாவது மெட்டு முடியும்வரை தேத்தண்ணி போடவென்று நான் எழும்பிப் போகமாட்டேன். இது சத்தியம்.

அந்த மெட்டுக்கு வைத்த பெயரை இன்றைக்குத்தான் கையெழுத்தாகப் போடத் துணிகிற,

உங்கள் தங்கச்சி
பிலோமினா