கொம்பு அறுத்த மேசை

ஐப்பசி 9, புதன். ஆவடி.

பட்டாளத்துக்குப் பெட்டி செய்யும் கொட்டகையில் எனக்கும் கன்னியப்பனுக்கும் ஒரே இழைப்பு மேசை. காலையில் அவன் இழைப்பான். மதியத்துக்கு மேல் நான் இழைப்பேன், அவன் ஆணி அடிக்கப் போவான். அவன் என் மார்பளவுதான் இருப்பான். அதனால் நான்கு கால்களையும் நெட்டையாக நிறுத்தி, வரிசையாகத் துளை போட்டு, துளையில் செருகிய முளைகளின் மேல் பலகையை உட்கார வைத்தேன். முளையை மாற்றினால் பலகை ஏறும், இறங்கும். இரண்டு மாதமாக இடுப்பு வலி இல்லாமல் இருந்தேன்.

இன்று மதியம் போனால், காலையில் அவனுக்காக இறக்கியிருந்த பலகைக்கு மேலே நீண்டிருந்த கால்களைக் காணோம். நாலையும் மட்டமாக அறுத்துத் தள்ளியிருக்கிறார் மேஸ்திரி.

"நாளைக்குக் கொட்டாயப் பாக்கப் பட்டாளத்துத் தொர வர்றாரு. இன்னாய்யா அது, மாடு மாதிரி நாலு கொம்பு?" என்றார்.

மாட்டுக்கு எத்தனை கொம்பு என்று தெரியாத ஆள் எனக்கு மேஸ்திரி! வாய்க்கு வந்தபடி கத்தினேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அறுக்கும்போது மேசைக்காலை ஆடாமல் பிடித்துக்கொண்டவன் கன்னியப்பனாம்.

"நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதாடா?"

"நான் இன்னா அண்ணாத்தே சொல்றது? எனக்கு இந்த ஒசரம் சரியாத்தானே கீது."

அவனுக்காகத்தான் அத்தனை துளையும் போட்டேன். எனக்கு மட்டும் என்றால் உயரமாக ஒரு மேசை அடித்துப் போட்டிருப்பேன்.

சாயங்காலம் வரை குனிந்தே இழைத்தேன். இப்போது உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். புறப்படும்போது, "இடுப்புக்கு எண்ணெ தேச்சிக்க அண்ணாத்தே" என்று அக்கறையாகச் சொன்னான், பாவி.