பொட்டு வைத்த பாட்டில்

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். ஏசி மெக்கானிக்குக்கு மறுபடியும் போன். வருகிறேன் என்கிறார், வருவதில்லை. புது மெஷின் அறை சூடாகக் கூடாதாம். எங்கள் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி இத்தனை வருஷம் முனகிக்கொண்டு சுற்றியதை யாரும் கேட்டதில்லை. புது மருமகளுக்கு நடக்கும் உபசாரம்.

ஆனால் அழகான மெஷின். ஒரு சொட்டைவிடக் குறைந்த தண்ணீரைச் சின்னக் கிராஃபைட் குழாய்க்குள் விட்டு, வெள்ளையாய்ப் பழுக்கும்வரை சுட்டு, அதன் வழியே விளக்கொளியை அனுப்புகிறது. ஈயம் இருந்தால் ஒளி குறையும். ஆர்சனிக்குக்கு வேறு விளக்கு. இதற்குமுன் எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்புவோம். பதில் வருவதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்திருக்கும்.

மலையிலிருந்து பாட்டில் வந்தது. வெள்ளிமலை தாண்டி ஒரு சின்ன ஊர், புது அடிபம்பு. பிடித்து வந்தவர் சேகர். எங்கள் ஆய்வகத்துக்கு ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீர் சேகரிப்பவர், பெயர்ப்பொருத்தம்.

மெஷினுக்கு ஆர்கான் வாயு சிலிண்டர் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. தோசை மாவு.

ஜூலை 8, செவ்வாய்

ஈயம்!

அனுமதித்த அளவைப்போல் ஏழு மடங்கு. திரும்ப ஓட்டினேன், அதே. சுத்த நீரை ஓட்டினேன், ஒன்றும் இல்லை. மற்ற ஊர் பாட்டில்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள். மெஷினில் குறை இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உள்ளே கொஞ்சம் சந்தோஷம்கூட. வாங்கிய மெஷின் வந்ததும் வராததுமாக ஒன்றைப் பிடித்துவிட்டதே. சாயங்காலம் தகவல்: பம்புக்குப் பூட்டுப் போட்டு, சிவப்பு பெயின்ட் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சந்தோஷம் அவ்வளவாக இல்லை.

மாவு புளித்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

பம்பு ஊரிலிருந்து ஒரு பெண் ஆபீசுக்கே வந்துவிட்டாள். வெள்ளச்சி. ஐம்பது வயது இருக்கும். முதல் பஸ்ஸில் ஏறி, காலிக் குடத்தோடு.

"தண்ணில ஈயம்னு சொல்லிக்கினு பூட்டிட்டாங்கம்மா. இன்னா ஈயம்? பாத்திரத்துக்கு ஈயம் பூசிக் குடுக்கறான், அதுல சோறு துன்னலியா நாம்ப?"

அது வெள்ளீயம், இது காரீயம், வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கே ஆகாது என்றேன்.

"என் மருமவ நெறமாசம். ஓடைக்கு எறங்கிக் கொடம் தூக்கிக்கினு வர்றா. மழைக்கு வழுக்குது. ஓடைத் தண்ணி மட்டும் ஆவுமா? அதுல மாடு நிக்கிது."

டீ வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னாள்: "நல்ல சேதி வரணும்னு பாட்டிலுக்கே குங்குமம் வெச்சு அனுப்பனோம்மா. அப்பிடியும் இப்பிடி ஆயிட்டுது."

பாட்டிலில் நான் எந்தப் பொட்டையும் பார்க்கவில்லையே. சேகரைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்தார்.

"கழுத்துல, மூடில எல்லாம் வெச்சிட்டாங்க மேடம். வேணாம்னா சாமி குத்தம்ன்றாங்க. நீங்க திட்டுவீங்கன்னு பஸ்ஸுல தொடச்சிக்கினே வந்தேன். மரையில பூந்துக்கிச்சி, அதான் மூடிய ஒருதரம் தொறந்து..."

"திறந்து?"

"தொடச்சேங்க. சுத்தமாத்தான்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் ஆசிட் நினைவுக்கு வந்தது. பாட்டிலில் தண்ணீர் பிடித்ததுமே ஆசிட் விட்டுவிடுவோம். உள்ளே ஒரு துளி தூள் விழுந்தாலும் அதில் இருப்பதைக் கரைத்துவிடும். நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். மட்டமான சரக்கில் சிவப்புக்காக ஈயச் செந்தூரம் கலப்பதுண்டு. இது எது?

சும்மா ஊகத்தில் பூட்டைத் திறக்கச் சொல்ல முடியாது. பூட்டச் சொன்னவளே நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

சேகர் மலைக்கு. புதுப் பாட்டில்கள், கையுறை, பம்புப் பூட்டின் சாவி. சாமியே வந்து கேட்டாலும் பொட்டு வைக்க விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

நான் கடைவீதிக்கு. சேகர் வெள்ளச்சியிடம் கேட்டுப் போனில் சொன்ன பூஜை சாமான் கடை, அவள் வாங்கிய அதே பேரில்லாத பாக்கெட். கடைக்காரர் கொடுக்குமுன் என் நெற்றியைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

கணவர் இறந்தபின் குங்குமம் வாங்குவது இதுவே முதல் தடவை. "மெஷினுக்கு" என்றேன். "ஓ, புது மிஷினா! பூஜை போடுங்க, நல்லா ஓடும்" என்று ஒரு பாக்கெட் சேர்த்துக் கொடுத்தார்.

வளைகாப்பு, கல்யாணம் எதிலும் குங்குமத் தட்டு என் பக்கம் வரும்போது மட்டும் வேகம் எடுக்கும். பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பழகவில்லை.

ஜூலை 14, திங்கள்

மலைத் தண்ணீர் மூன்று பாட்டிலும் சுத்தம். 'ஈயம் இல்லை' என்று எழுதக் கூடாது, 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று எழுத வேண்டும். எழுதினேன். மனசுக்குள் இல்லை, இல்லை என்று கத்தினேன்.

குங்குமம்: ஒரு சிட்டிகையை ஆசிட்டில் கரைத்து ஓட்டினேன். அளவுகோலைத் தாண்டிப் போயிற்று. நூறு மடங்கு நீர் சேர்த்தேன். மறுபடி தாண்டிற்று. இன்னும் நூறு மடங்கு சேர்த்த பிறகுதான் மெஷினால் ஒரு எண் சொல்ல முடிந்தது. குழாயைச் சுத்தம் செய்வதிலேயே மத்தியானம் போயிற்று.

பழைய அறிக்கையை ரத்து செய்து புதிது கொடுத்தாயிற்று. அதிகாரி சொன்னார்: "தண்ணி நல்லா இருக்குல்ல, அதோட விடுங்க. குங்குமம் நம்ம வேலை இல்லியே." விதிப்படி சரிதான். ஆனாலும் மேலே ஒரு கடிதம் எழுதிவிட்டேன்.

அந்த நிறைமாசப் பெண்ணிடம் யார் சொல்வது? நான்தான் போக வேண்டும். தாலி கட்டியவளிடம் போய், குங்குமத்தை எடு என்று ஒரு தாலியறுத்தவள் சொன்னால் அது எப்படி விழும்?

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மலை முழுக்க மேகம். கொண்டை ஊசி வளைவில் சேகருக்கு வாந்தி.

பூட்டைத் திறந்தார்கள். தண்ணீர் முதலில் துருவாக, பிறகு கண்ணாடியாக. முதல் குடம் வெள்ளச்சியின் மருமகளுக்கு. குலவை போட்டார்கள்.

அப்புறம் தட்டு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் வெள்ளச்சி குங்குமத்தைத் தொட்டு என் நெற்றிக்கு விரலை நீட்டிவிட்டாள். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வெள்ளச்சியின் முகம் சுருங்கியது.

"நாங்க வெச்சா ஆவாதா?"

ஐயோ, அது இல்லை. படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டில், மூடியின் மரை, பாக்கெட். உங்கள் தண்ணீர் நல்லது, கெட்டது இந்தத் தூள்தான், பிள்ளைத்தாய்ச்சி தொடவே கூடாது என்று. கடைசியில், எனக்கு வீட்டுக்காரர் இல்லை, அதனால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் என்றேன்.

மருமகள் முந்தானையை நனைத்து வகிட்டைத் துடைத்தாள். வெள்ளச்சி தட்டைக் கவிழ்க்கப் போனாள். "பம்பு பக்கத்தில் வேண்டாம்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சேகர் அதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டார்.

வெள்ளச்சி வீட்டுக்குள் போய், கல்லில் உரைத்த மஞ்சளோடு வந்தாள்.

"இது எங்க காட்டு மஞ்சா. இதுக்கும் மிசினு வேணுமா?"

"வேண்டாம். ஆனால் எனக்கு..."

"வூட்டுக்காரரு இல்லன்னா இன்னா? நெத்தியுமா பூடுச்சி?"

குனிந்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

இறங்கும் பஸ்ஸில் நல்ல வியர்வை. முகத்தைத் துடைக்கவே இல்லை, அழிந்துவிடும் என்று.