வழுக்கை, வழுக்கி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதுகிறேன். "எழுதுகிறேன்" என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். எழுதச் சொல்லவில்லை, எழுதுகிறேன். இத்தனை வருடமாக உனக்கு வந்ததெல்லாம் மருந்துக்கடைக்காரர் எழுதியது, நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சேர்ப்பார். போன கடிதத்தில் "உன் நினைவால் வாடுகிறோம்" என்று இருந்ததாகப் போனில் சொல்லிச் சிரித்தாயே, சத்தியமாக நான் வாடவில்லை, அது அவர் கைவரிசை. இது முழுக்க என் கை. நான்கு நாளாக எழுதுகிறேன், ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து நின்று அதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறேன், அம்மா பார்த்துவிட்டு "புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி அந்தத் தாளையே சுத்திச் சுத்தி வராதீங்க" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் போனில் உன்னிடம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து விரலை ஒடித்துக்கொண்டேன் என்று சொன்னாள் அல்லவா, அது பொய். நீ பயப்படுவாய் என்று சொல்லியிருக்கிறாள். நான் வழுக்கி விழவில்லை. இங்கே யாருமே வழுக்கி விழவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மெதுவாகப் படி, நான் மெதுவாகத்தான் எழுதினேன்.

எங்கள் சலவை ஆலையில் பிழியும் எந்திரம் இருக்கிறதே, ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் ஒரே நேரத்தில் ஐம்பது போட்டுச் சுற்றுவது, அதன் மூடியில் ஒரு பூட்டு உண்டு, தொட்டி நிற்கும்வரை மூடி திறக்காது. தொட்டி நிற்க மூன்று நிமிடம் ஆகிறது என்று சூப்பர்வைசர் அந்தப் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டான். மடிப்புப் பிரிவில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், சிக்கிய விரிப்பை இழுக்கக் கையை விட்டாள். தொட்டி அவள் கையை முழங்கைக்குக் கீழே திருகிப் பிடுங்கிவிட்டது. அவளை வண்டியில் ஏற்றிய பிறகு நானும் பாய்லர்காரரும்தான் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி அந்தக் கையைத் தேடி எடுத்தோம், சூடு இன்னும் ஆறவில்லை. பின்னால் நின்ற சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா, "சரி சரி, அந்த விரிப்பையெல்லாம் இன்னொரு தடவ அலசிப் போடுங்க, சாயந்திரம் டெலிவரி இருக்கு" என்றான். பாய்லர்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் வாசலில் உட்கார்ந்தார். அவர் பின்னால் நான். என் பின்னால் எல்லோரும்.

நாங்கள் கேட்டது இரண்டுதான். மூடிக்குப் பூட்டு, எங்களுக்கு நாங்கள் இங்கே வேலை செய்கிறவர்கள் என்று ஒரு தாள். பத்தொன்பது வருடமாக அந்த ஆலையில் வெந்நீரில் நிற்கிறேன், நான் அங்கே இருக்கிறேன் என்பதற்கு என் கால் வெடிப்பைத் தவிர அத்தாட்சி கிடையாது. மூன்றாம் நாள் காலை ஒரு வேன் வந்தது. இறங்கியவர்களில் ஒருவன் முகமும் தெரிந்த முகம் இல்லை, எல்லார் கையிலும் ஒரே அளவில் வெட்டிய இரும்புக் குழாய். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இஸ்திரி போடுகிறவருக்கு முதல் அடியிலேயே முன்பல் நான்கும் போயிற்று, வாயைப் பொத்திக்கொண்டு அவர் குனிந்தபோது முதுகில் மிதித்தார்கள். பெண்களைக் கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு விலாவில் இரண்டு அடி, அது பரவாயில்லை. எதிர்ச்சாரியில் போலீஸ் ஜீப் நின்றது, உள்ளே இருந்தவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை இறங்கவில்லை. பாய்லர்காரர் மட்டும் ஓடவில்லை, எழுந்து நின்று, ஆலைக்குள்ளிருந்து வந்த சூப்பர்வைசரைப் பார்த்து, "தம்பி, அடி, வேணாங்கல. முதல்ல போய் அந்தப் பூட்ட மாட்டிட்டு வந்து அடி" என்றார். அவன் வேறு யாரையும் ஏவவில்லை, தானே குழாயை வாங்கினான். முதல் அடி தோளில். இரண்டாவது காதில். மூன்றாவது உச்சந்தலையில். நான் நான்கு எட்டுத் தூரத்தில் தரையில் கிடந்தபடி பார்த்தேன் மகளே, பச்சைத் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் விழுந்து உயிர் விட்ட இடம் வாசலுக்கு வெளியே, வெயில் அடிக்கிற, காய்ந்த சிமென்ட் தரை. காய்ந்த தரை என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இப்போது உனக்கு எங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. சங்க அறையில் சாயங்காலம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு சாக்பீஸ் என்று பட்டப்பெயர், அவளும் ஆலையிலிருந்து துரத்தப்பட்டவள்தான். நானும் பாய்லர்காரரும் ஒரே பெஞ்சு. மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது, இந்த ழ மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை, இரண்டு வாரம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சாக்பீஸ் பொறுமை இழந்து கரும்பலகையில் "வழுக்கை" என்று எழுதி, பாய்லர்காரரின் தலையைக் காட்டி, "இந்த எழுத்து மறந்து போச்சுன்னா பக்கத்துல திரும்பிப் பாருங்க பெரியவரே" என்றாள். அறையே சிரித்தது, அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார், "என் தல இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் ஒருத்தனுக்கு உதவியிருக்கு" என்று தடவிக்கொண்டார். அன்றிலிருந்து ழ எங்கே கண்டாலும் எனக்கு அவர் தலைதான்.

அடிதடிக்கு மறுநாள் எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், சாட்சி சொல்ல. போனால் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் அவர்களே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள், மேசையில் தாள் அடுக்கு, பக்கத்தில் நீல மைப்பெட்டி, வரிசையாக வந்து இடது பெருவிரலை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு முன்னால் ஒன்பது பேர் வைத்துவிட்டார்கள். என் முறை வந்ததும் நான் தாளைக் கையில் எடுத்தேன். ரைட்டர் "என்ன பெருசு, படிக்கப் போறியா" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன். எனக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது மகளே, அது இன்னும் சொல்லித் தரவில்லை. வாய்விட்டுத்தான் வரும், அதுவும் எந்திரச் சத்தத்தில் பேசிப் பழகிய வாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேற்படி நபர். ஈ-ரத்-த-ரை-யில். அடுத்து வ. ழு. க். எனக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது, அவர் தலையையே எழுதியிருக்கிறார்கள், வழுக்கை! சந்தோஷம் தாங்காமல் நான் அங்கேயே சிரித்துவிட்டேன், "சாக்பீஸ், நம்மாளு தலைய எழுதியிருக்காங்க" என்று, எங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்ததால் சாட்சி வரிசையில் நின்ற அவளைப் பார்த்துச் சொன்னேன். பிறகு கடைசி எழுத்தைப் பார்த்தேன். கை இல்லை, கி. வழுக்கி. ஈரத்தரையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. திரும்ப அதே வரியை முதலிலிருந்து படித்தேன், இந்தத் தடவை தடுமாறவில்லை. ஒன்பது பேரும் சுவரோரம் நீல விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரைட்டர் "போதும் நிறுத்து" என்றார், நான் நிறுத்தவில்லை, கடைசி வரி மிச்சம் இருந்தது, "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று போட்டிருந்தது. நான் சொன்னேன், "ஐயா, இதுல எல்லாமே பொய், இந்த ஒரு வரிய மட்டும் இப்ப நான் உண்மையாக்கிட்டேன், எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்" என்று. இஸ்திரிக்காரர் பல்லில்லாத வாயால் "தர காஞ்சு கெடந்துச்சு" என்றார். சுவரோரம் நின்றவர்கள் மேசைக்கு வந்து "எங்க தாளத் திருப்பிக் குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அப்புறம்தான் இரண்டு பேர் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் என் கழுத்தை மேசையோடு அழுத்தினான், இன்னொருவன் இடது பெருவிரலை மையில் முக்கித் தாளுக்கு இழுத்தான். நான் விரலை மடக்கிக்கொண்டேன். அவன் விரிக்க, நான் மடக்க, கடைசியில் அவன் பின்பக்கமாக வளைத்தான். காய்ந்த சோப்புக்கட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் போதாமல் லத்தியின் அடிக்கட்டையால் அதன் மேலேயே இரண்டு குத்துக் குத்தினான், நகம் பெயர்ந்து தாளில் ஒட்டிக்கொண்டது. தாள் பூராவும் ரத்தமும் நீலமுமாக ஒரு கூழ், அதில் ரேகையை எங்கே தேடுவது. எனக்கு அப்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், சின்னப்பிள்ளை மாதிரி அலறினேன். வெளியே விட்ட பிறகு வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இந்த முட்டாள்கள் எதை உடைத்தார்கள் பார், கைநாட்டு வைக்கிற விரலை! எழுதுகிற கையை விட்டுவிட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதை என் வாயால் கேட்ட பிறகும் அவர்களால் நம்ப முடியவில்லை. இனி நானே நினைத்தாலும் யாருக்கும் கைநாட்டு வைக்க முடியாது, டாக்டர் அந்த விரல் இப்படியே கோணலாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

சங்கத்து வக்கீல் எங்களை நீதிபதியிடம் கூட்டிப் போனார். நான் சொன்னதை அங்கே ஒருவர் எழுதினார், மூன்று அடியும், குழாயும், காய்ந்த தரையும். நீதிபதி ஒரு அம்மா. "மனசுக்குள்ள படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார், "மனசுக்குள்ள வராதும்மா" என்றேன், "சரி, சத்தமாவே படிங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். படித்தேன். சரியாக இருந்தது. உன் பெயருக்கு முன்னால் தனியாக ஒரு எழுத்து நிற்கிறதே, அதைப் போட்டு, அதன் பின்னால் இத்தனை வருடமாக எழுதப்படாத மிச்ச எழுத்துகளையும் போட்டேன். அந்தத் தாளில் என் பெயர் முழுதாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டு ஜன்னலுக்குக் கல் வந்தது. அம்மாவைத் தண்ணீர்க் குழாயடியில் மறித்து "அடுத்தது வலது கை" என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை, நான் போகிறேன், அம்மாவும் வருகிறாள். முதலில் அவள் "நமக்கு எதுக்கு இந்த அரசியல்" என்றுதான் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். மூடிக்குப் பூட்டு வேண்டுமா என்று முடிவு செய்கிறவன் ஒருவன், உள்ளே கையை விடுகிறவள் இன்னொருத்தி. இது அரசியல் இல்லை என்றால் வேறு என்ன? வாடகை ஏறுகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது, கூலி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆலை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தால் பத்து போலீஸ் ஓடி வருகிறார்கள், ஒரு மண்டை உடைந்தால் தரை ஈரம் என்று எழுதுகிறார்கள். உரிமை என்பதை யாரோ பெரிய மனிதர் மனம் வந்து கொடுப்பது என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நாம் சேர்ந்து உட்கார்ந்தால் அதைத் தடுக்க ஒரு வேன் ஆட்களும் இரும்புக் குழாயும் தேவைப்படுகிறது என்றால், அது முதலிலேயே நம்முடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னேன், "இதையும் எழுதிடுங்க" என்றாள்.

இந்தக் கோடு போட்ட தாள் எங்கே கிடைத்தது என்று கேட்பாய். பாய்லர்காரரின் மனைவி அவருடைய நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார், "அவருக்கு இனி எதுக்கு" என்று. கடைசியாக எழுதிய பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை வழுக்கை வழுக்கை வழுக்கை என்று இருக்கிறது, ஒன்றில்கூடப் பிழை இல்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்திலிருந்து உனக்கு எழுதுகிறேன்.

கண்ணு, உனக்கு ஒன்று சொல்கிறேன், மறக்காதே. அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று ஏதோ தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய். நீ படித்தவள், எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே படித்துப் பழகிவிட்டாய். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கு. அறையில் உன்னோடு இருக்கிற அத்தனை பெண்களையும் உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, சத்தமாகப் படி.

நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் இரண்டு கையும் பத்து விரலும் முழுதாக இருக்க வேண்டும். அம்மாவின் முத்தங்கள். கடிதத்தின் அடியில் வழக்கமாக இருக்கும் நீல ரேகையைத் தேடாதே, அது இனி வராது.

இப்படிக்கு, தன் கையாலேயே,
அப்பா